மொட்டைமாடியில் பதினாறாம் சேனல்

2024 ஜனவரி 24, புதன்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். காற்று துளியும் இல்லை. கடும் பனி. மாடிப்படி விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது அடி தள்ளியிருக்கும் கைப்பிடிச் சுவர் தெரியவில்லை. தென்னை ஓலையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில் என் மகன் கடலில் இருந்தான். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கையில், படகில் வைத்துப் பேசுகிற வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் ஒன்று இருந்தது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வயல் முடிந்து உப்பளம் ஆரம்பிப்பதற்கு முந்தைய ஊர் எங்களுடையது. வீட்டிலிருந்து கடற்கரை ஆறு கிலோமீட்டர். என் அறுபத்தெட்டு வயதில் அந்தக் கரைக்கு நான்கு தடவைதான் போயிருக்கிறேன். மூன்று தடவை அமாவாசைக்கு, ஒரு தடவை மகனைத் திட்டுவதற்கு. நன்னிலம், வலங்கைமான் பக்கமெல்லாம் நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்தவன் நான். மூட்டை எண்ணுவது வேலை. ஓய்வு பெற்றும் எண்ணுவது நிற்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

மகன் வளைகுடா நாட்டில், எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். திரும்பி வந்தால் வயலைப் பார்ப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் அதே கப்பலில் கூட வேலை பார்த்த கடற்கரை ஊர்க்காரன் ஒருவனோடு சேர்ந்து ஃபைபர் படகு ஒன்றை வாங்கினான். ஆளுக்குப் பாதிப் பங்கு. படகு நல்ல படகு, எஞ்சின் பழையது. புது எஞ்சினுக்குப் பணம் கேட்டபோது, "தரையில ஓடுற எஞ்சின் ஏதாவது கேளு, டிராக்டர் கேளு, யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதத்தில் அந்த எஞ்சின் நடுக்கடலில் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் வேறு படகு இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தது.

கடலில் போனுக்கு டவர் கிடைக்காது என்று தெரிந்தும் நான் அடித்துக்கொண்டே இருப்பேன். மூன்றாவது தடவை எஞ்சின் நின்ற பிறகு மகன், கப்பல் வேலையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய செட்டை எடுத்து என் மடியில் வைத்தான்.

"போனப் போட்டுப் போட்டு அம்மாவ வாட்டாதீங்கப்பா. இத வெச்சுக் கேளுங்க. மாடிக்குக் கொண்டுபோனா பத்து கிலோமீட்டர் கடலுக்குள்ள இருக்கறதுகூடக் கேக்கும். மணிக்கொரு தடவ நான் கரையோட பேசுவேன். என் குரல் கேட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

"கேக்கலன்னா?"

"கேக்கும்."

அன்று சாயங்காலம் அவன் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். கட்டைவிரல் தடிமனில் ஏரியல். மேலே இரண்டு குமிழ். ஒன்று சத்தத்துக்கு, இன்னொன்று இரைச்சலை அடக்குவதற்கு. இரண்டாவது குமிழைத் திருப்பாவிட்டால் நெல் தூற்றும் இயந்திரம் பக்கத்தில் ஓடுவது போல ஒரே இரைச்சல். திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு இடத்தில் யாரோ சுவிட்சை அணைத்தது போல நின்றுவிடும். அதற்குப் பிறகு யாராவது பேசினால் மட்டும் கேட்கும். திரையில் எப்போதும் 16 என்ற எண் இருக்க வேண்டும். எடை போட்டுப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்து கிராம்.

"இந்தப் பக்கவாட்டுல பெருசா ஒரு பட்டன் இருக்கு பாருங்க. இத மட்டும் தொடக்கூடாது" என்றான்.

"தொட்டா?"

"நீங்க பேசுறது எல்லாப் படகுக்கும் போவும். லைசென்ஸ் படகுக்குத்தான், வீட்டுலேர்ந்து பேசுனா தப்பு. அதவிட முக்கியம், பதினாறு ஆபத்துக்குக் கூப்புடற சேனல். ஒருத்தர் அழுத்திப் புடிச்சிட்டா மத்தவங்க பேச முடியாது."

"யாருமேவா?"

"யாருமே. அழுத்தறவங்களுக்கும் ஒண்ணும் கேக்காது."

அன்றிலிருந்து அந்தப் பட்டன் மேல் எனக்குப் பயம் வந்தது. செட்டைத் தூக்கும்போது ஏரியலின் அடியில் இரண்டு விரலால் பிடித்து, பட்டன் வெளிப்பக்கம் இருக்கும்படி தூக்குவேன். என் மனைவி பார்த்துவிட்டு, "தேளத் தூக்கற மாதிரி தூக்குறீங்க" என்றாள்.

பழகப் பழக நான் முகம் பார்த்திராத மனிதர்கள் குரலாக அறிமுகமானார்கள். பேசுவதற்கு முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறவர் ஒருவர். எல்லாரிடமும் வெற்றிலை இருக்கிறதா என்று கேட்கிறவர் ஒருவர். எங்கேயோ தூரத்தில் போகும் கப்பல்காரர்களின் இங்கிலீஷ் துண்டு துண்டாக வரும். மீன் இறங்குதளத்தில் கரைக்கென்று ஒரு செட் இருந்தது. காலையில் அங்கே பெரும்பாலும் என் மகனுடைய கூட்டாளியின் மனைவி இருப்பாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவளும் அவள்தான். "கரை, கரை, எல்லாம் நல்லா இருக்கு" என்று மகன் அவளைக் கூப்பிட்டுச் சொல்வான். எனக்காகத்தான் சொல்கிறான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நிம்மதி வரும் என்று கொடுத்தான். வரவில்லை. அதற்கு முன்பு எனக்கு ஒரே பயம்தான், போன் எடுக்கவில்லை என்ற பயம். இப்போது தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொள்ளும் என்று தெரிந்தது. நீரோட்டம் திரும்பினால் எஞ்சின் இல்லாத படகு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தது. பனியில் பெரிய கப்பல்காரனுக்குச் சின்னப் படகு கண்ணில் படாது என்பதை, ஒருவர் இன்னொருவருக்கு வெகு சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு புதுப் பயம் சேர்ந்தது.

தை பிறந்ததும் பனி கனத்தது. விடிகாலையில் செட் முழுவதும் நனைந்துவிடும். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாத செட் என்று மகன் சொல்லியிருந்தான். விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட், செட்டாப் பாக்ஸ் ரிமோட், ஃபேன் ரிமோட் மூன்றுமே பாலிதீன் கவரில் ரப்பர் பேண்டு போட்டுத்தான் இருக்கின்றன. வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் ஒன்றில்கூட எழுத்து அழியவில்லை.

அந்தப் புதன்கிழமை ஐந்து பத்துக்கு மகன் குரல் கேட்டது. "கரை, கரை. பனி கனமா இருக்கு. வலைய ஏத்திட்டு வந்துடறோம். எஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணுது, பாத்துக்கறோம்." அவள், "பாத்து வாங்கண்ணே" என்றாள்.

மக்கர் என்ற சொல் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. செட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்த நேரத்தில் இது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கீழே போய், நகைக்கடை கவர் ஒன்றை எடுத்து வந்து செட்டை அதில் போட்டேன். கவர் பெரிதாக இருந்ததால் மடித்து மடித்துச் சுற்றினேன். ஏரியலுக்குக் கீழே ஒரு ரப்பர் பேண்டு, நடுவில் ஒரு ரப்பர் பேண்டு. தண்ணீர் புகக் கூடாது என்று நடுவில் போட்டதை மூன்று சுற்றுச் சுற்றினேன். மணி ஐந்து இருபது. கவருக்குள் ஒரு சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. டி.வி.யில் கரண்ட் இருக்கிறது என்பதற்கு எரியுமே, அதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு குரலும் வரவில்லை.

தொண்டையைச் செருமுகிறவர் இல்லை. வெற்றிலைக்காரர் இல்லை. கப்பல் இல்லை. சத்தம் வைக்கும் குமிழை கவரோடு சேர்த்து முழுவதும் திருப்பினேன். ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் பேசவில்லை என்றால் அவருக்கு ஏதோ என்று நினைக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசாமல் போனால் என்ன அர்த்தம்? அவ்வளவு பேரையும் சேர்த்து ஒன்று விழுங்கியிருக்க வேண்டும். பனிக்குள் வந்த பெரிய கப்பல், திடீரென்று எழுந்த அலை, என்னால் பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. காதுக்கு அருகில் வைத்தேன். என் மூச்சுதான் கேட்டது.

ஐந்தே முக்காலுக்கு என் மனைவி காப்பியோடு மேலே வந்தாள்.

"என்னங்க, பனில ஒக்காந்து என்ன பண்றீங்க. கீழ வந்து குடிங்க."

"சத்தமே இல்ல."

"இருந்தா இரையுதுங்கறீங்க, இல்லாட்டி இல்லங்கறீங்க."

"வெளையாட்டு இல்ல. அஞ்சு இருவதுலேர்ந்து ஒரு குரல் இல்ல. தெனம் இந்த நேரத்துல கொறஞ்சது பத்துப் பேரு பேசுவாங்க."

"பனில வாயத் தொறக்க முடியாம இருப்பாங்க" என்றாள். ஆனால் டம்ளரைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயம் முற்றினால் கோபமாகத்தான் வெளியே வரும். "எல்லாம் அந்தக் கூட்டாளிப் பய பண்ண வேல. பழைய இரும்புக் கடைல எடைக்குப் போட வேண்டிய எஞ்சின வாங்கி மாட்டியிருக்கான்" என்றேன்.

"அவன ஏன் சொல்றீங்க. உங்க புள்ள புதுசு கேட்டான். நீங்கதான டிராக்டர் கேளுன்னீங்க."

"அவன் பொண்டாட்டி மட்டும் என்ன. கிலோவுக்கு அம்பது கிராம் கொறையுது. நான் மூணு தடவ வீட்டுல போட்டுப் பாத்துட்டேன்."

"மீன் எடைய இப்ப எதுக்கு எடுக்குறீங்க?"

செட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் அம்மன் கோயில் மாடிக்கு வடகிழக்கில் இருக்கிறது. பனியில் எதுவும் தெரியாவிட்டாலும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றேன்.

"தாயே, பதினோரு தேங்கா ஒடைக்கிறேன். ஒரு குரல் வரட்டும்."

காத்திருந்தேன். வரவில்லை.

"இருவத்தொண்ணு."

"ஏங்க, அம்மன்கிட்டப் போயி பேரம் பேசுறீங்களா?"

"நீ சும்மா இரு. தாயே, அந்த எஞ்சினுக்குப் பணம் தரேன். அவன் பங்கு எவ்வளவோ அந்தப் பாதிய நான் தரேன்."

"பாதி எஞ்சின் ஓடுமா?" என்றாள் மனைவி. அவள் குரலும் அதற்குள் மாறியிருந்தது.

"சரி, முழுசு. முழு எஞ்சின். புதுசு. அவன் கூட்டாளிக்கும் சேத்து. ரெண்டு பேரும் வந்து வாசல்ல நிக்கட்டும். பதினோரு வருஷம் அவன் இல்லாத வீட்டுல இருந்துட்டேன் தாயே. வந்தவன்கிட்ட நான் ஒரு நாளும் நல்லபடியாப் பேசல. இன்னொரு தடவ என்னால முடியாது."

அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று தெரியாது. அழுதேன் என்று மனைவி சொல்கிறாள். அப்போது கீழே போன் அடித்தது. அவள் ஓடினாள். படியில் அவள் இறங்கும் சத்தத்தை எண்ண ஆரம்பித்து, நான்கோடு விட்டுவிட்டேன். கெட்ட செய்தியும் போனில்தான் வரும்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டபடி மேலே வந்தாள். கூட்டாளியின் மனைவி குரல்.

"பெரியப்பா, கைல இருக்கறத மொதல்ல கீழ வைங்க."

"எத?"

"அந்த வாக்கிய. எவ்வளவு நேரமா பட்டன அழுத்திட்டே இருக்கீங்க. பதினாறுல நீங்க மட்டும்தான் ஓடுறீங்க. பதினாலு தடவ போன் போட்டேன், இப்பத்தான் லைன் கெடச்சுது."

"நான் அழுத்தல. அதத் தொடவே மாட்டேன்."

"அழுத்தாமயா எனக்கு அம்பது கிராம் கேட்டுச்சு?"

செட்டை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் போட்ட ரப்பர் பேண்டு, மடித்த கவரையும் சேர்த்து, அந்தப் பெரிய பட்டனுக்கு நேர் மேலே மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. பட்டன் முழுவதுமாக உள்ளே போயிருந்தது. ஒருத்தர் அழுத்திப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் பேச முடியாது. யாருமேவா? யாருமே. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"என் புள்ள எங்கம்மா?"

"எஞ்சின் நின்னுபோச்சு பெரியப்பா. பனில மெதந்துட்டு இருந்துருக்காங்க. பதினாறுல கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தா உங்க மூச்சுதான் கேட்டுச்சாம். அப்புறம் வேற சேனல் ஒவ்வொண்ணாத் திருப்பியிருக்காங்க. உங்க மூச்சத் தாங்க முடியாம மத்த படகெல்லாம் ஏற்கெனவே வேற சேனலுக்குப் போயிட்டாங்க. அங்க இவங்க கூப்புட்டது அவங்களுக்குக் கேட்டுருச்சு. இப்ப கயிறு போட்டு இழுத்துட்டு வராங்க. பயப்படாதீங்க."

"எவ்வளவு நேரம் மெதந்தாங்க?"

"ஒரு இருவது நிமிஷம் இருக்கும்."

ரப்பர் பேண்டைப் பிடித்து இழுத்தேன். அறுந்து எங்கோ போய் விழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. உடனே பச்சை எரிந்தது. முழுவதும் திருப்பி வைத்திருந்த சத்தத்தில் மாடியே அதிர்ந்தது.

"பெருசு ஓஞ்சிட்டாரு." தொண்டையைச் செருமுகிறவர்.

"பூச முடிஞ்சிருக்கும். தேங்கா எத்தனைல நின்னுச்சு?"

"இருவத்தொண்ணு. நான் நடுவுல வந்து கேட்டுட்டுத்தான் போனேன்."

"தேங்கா கெடக்கட்டும், எனக்கு வெத்தல சொல்லச் சொல்லு."

பிறகு மகன் குரல். அதற்கு முன் கேட்ட எந்தக் குரலும் எனக்கு அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

"அப்பா, கேக்குதா? பதில் சொல்லாதீங்க, பட்டன அழுத்தாதீங்க. கேளுங்க, அது போதும். நாங்க நல்லா இருக்கோம். கயிறு கட்டியாச்சு. எட்டு மணிக்குள்ள கரை. கடைசியா பதினாறுக்குத் திரும்பறப்ப பாதி எஞ்சின்ல இருந்தீங்க. அப்புறம் கொஞ்சம் விட்டுவிட்டுக் கேட்டுச்சு. முழுசா பாதியான்னு கூட்டாளி கேக்கச் சொல்றான்."

நான் செட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பட்டனை அழுத்த எனக்குத் தைரியம் இல்லை. என் மனைவி காப்பி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, செட்டை வாங்கி, கவரைக் கிழித்து, அழுத்தினாள்.

"முழுசுதான்டா. கூட்டாளிக்கும் சேத்து. நீ வந்து சேரு."

பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு செருமுகிறவர், "கேட்டுச்சு, சாட்சி இருக்கோம்" என்றார்.

எட்டு மணிக்கு முன்பே, ஐந்தாவது தடவையாக நான் கடற்கரைக்குப் போனேன். ஊரே சேர்ந்து திட்டும் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று ஆட்டோவில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இறங்குதளத்தில் எனக்கு ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்கள். செருமுகிறவர் ஒல்லியாக, என்னைவிட வயதானவராக இருந்தார். அவர் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னிக்கு அலை இல்ல, பொழச்சோம். இன்னொரு தடவ அதக் கட்டி வெச்சிடாதீங்க." யாராவது திட்டியிருந்தால்கூட அவ்வளவு தைத்திருக்காது.

பனி கலைய ஆரம்பித்தபோது கயிற்றின் முனையில் அவர்கள் படகு வந்தது. மகன் இறங்கி என் தோளில் கை வைத்தான். கை ஐஸ் போல இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் கடல் முழுவதும் கேட்கச் சொல்லி முடித்திருந்தேன். கூட்டாளிதான் பழைய எஞ்சினைத் தட்டிக்கொண்டே, "எடைக்குப் போட்டா எவ்வளவு வரும் பெரியப்பா?" என்றான். அவன் மனைவி ஒரு பையில் மீன் கட்டிக் கொடுத்தாள். "அம்பது கிராம் சேத்தே போட்டுருக்கேன். வீட்டுல போயி பாத்துக்கங்க" என்றாள். நான் எடை போடவில்லை.

உரிமம் இல்லாமல் பேசியதற்கு அதிகாரி யாராவது வருவார் என்று மூன்று வாரம் ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். யாரும் வரவில்லை. செட் இப்போது கவர் இல்லாமல் இருக்கிறது. நனைகிறது, உலர்கிறது, ஒன்றும் ஆகவில்லை. டி.வி. ரிமோட்டின் கவரைக்கூட மனைவி கழற்றிவிட்டாள்.

புது எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் அதை நம்பி இருவரும் முன்பு போனதைவிட எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள். அங்கிருந்து பேசினால் எங்கள் மாடிக்குக் கேட்பதில்லை. காலை நான்கு மணியிலிருந்து அவர்கள் திரும்பி, குரல் கேட்கும் எல்லைக்குள் நுழையும் வரை நான் செட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நாற்காலிக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அந்த அமைதிக்கு நானேதான் விலை கொடுத்தேன். எஞ்சின் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. தேங்காய் இருபத்தொன்று, அறுநூற்று முப்பது. அன்றைக்கு இறங்குதளத்தில் இருந்த முப்பத்தெட்டு பேருக்கு டீயும் வடையும், எண்ணூற்று முப்பத்தாறு. ஆக மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ரூபாய்.